அட்டவணைக்கு வெளியே ஓர் இறக்கை

கலைக்கல்லூரியில் தமிழ் நடத்துகிறவனுக்கு விமான இறக்கையோடு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. சங்கப் பாடலில் வானவூர்தி வருகிறது, ஆகவே நம் முன்னோர் விமானம் ஓட்டினார்கள் என்று மேடையில் முழங்குபவர்களின் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்லன் நான். இக்கட்டுரைக்குக் காரணம் ஒரு மாணவர்.

சில ஆண்டுகளுக்கு முன் இளநிலை இயற்பியல் வகுப்புக்குப் பகுதி ஒன்று தமிழ் எடுத்துக்கொண்டிருந்தேன். அறிவியல் மாணவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் பெரும்பாலும் ஓய்வு நேரம். அன்று தொல்காப்பியர் கூறும் நாடக வழக்கு, உலகியல் வழக்கு பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். உலகத்தில் நடப்பது ஒன்று. அதைச் சுவைபட ஓர் ஒழுங்குக்குள் அமைத்துக் காட்டுவது இன்னொன்று. இரண்டும் கலக்கும் இடத்தில் கவிதை பிறக்கிறது என்று விளக்கினேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஐயா, கம்ப்யூட்டர்ல விமானம் ஓட்டுறது எந்த வழக்குல சேரும்?" வகுப்பு சிரித்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. மாலையில் விடுதிக்கு அழைத்துச் சென்று தன் மடிக்கணினியில் ஓட்டிக் காட்டினார். திரையில் விமானம் ஓடுதளத்தை விட்டு எழும்பிய கணத்தில் என் வயிறு ஒருமுறை சுருங்கியது உண்மை.

படித்து முடித்து, கடன் வாங்கி, விமானம் ஓட்டும் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். சென்ற மாதம் வீட்டுக்கு வந்திருந்தவர் ஒரு செய்தி சொன்னார். பயிற்சியில் 'ஸ்டால்' என்றொரு பாடம் உண்டு. போதிய உயரத்தில் விமானத்தின் மூக்கை மெல்ல மெல்ல உயர்த்தி, இறக்கை தன் தாங்கும் சக்தியை இழக்கும்வரை கொண்டுபோய், பிறகு மீட்க வேண்டும். மாணவர் அதைக் கணினியில் நூற்றுக்கணக்கான முறை செய்து பழகியவர். உண்மையான விமானத்தில் இடப்பக்க இறக்கை திடீரென்று சரிந்தபோது, வீட்டில் எப்போதும் செய்ததுபோலக் கைப்பிடியை வலப்பக்கம் திருப்பியிருக்கிறார். வீட்டில் சரிந்த இறக்கை அமைதியாக எழுந்து சமமாகிவிடும். இங்கே அது மேலும் ஆழமாக விழுந்தது. அருகிலிருந்த பயிற்றுநர் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சொல்லும்போது, தேநீர்க் கோப்பையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியாதுன்னு இருந்திருந்தா தப்பு பண்ணியிருக்க மாட்டேன் ஐயா. தெரியும்னு நினைச்சேன்."

அவர் எந்த மென்பொருளில் பழகினார் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அது எத்தனையாவது பதிப்பு, அதில் அவர் ஓட்டிய விமானத்தை வடிவமைத்தவர் யார், அமைப்புகளை அவர் எப்படி வைத்திருந்தார் என்பதெல்லாம் தெரியாமல் ஒருவர்மேல் பழி போடுவது முறையன்று. என் கேள்வி பொதுவானது. இந்தச் சிமுலேட்டர்கள் ஓர் இறக்கையை எந்த அளவுக்கு உண்மையாகக் காட்டுகின்றன? எந்த இடத்தில் அவை நடிக்கத் தொடங்குகின்றன?

முதலில் இறக்கையைப் பற்றிச் சில வார்த்தைகள். இறக்கையின் மேல்பக்கம் வளைந்திருப்பதால் அங்கே செல்லும் காற்று நீண்ட தூரம் போக வேண்டும், கீழே செல்லும் காற்றை அது மறுமுனையில் சந்தித்தாக வேண்டும், ஆகவே வேகமாக ஓடுகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். தவறான விளக்கம். பிரிந்த காற்று மீண்டும் ஒரே நேரத்தில் சந்திக்க வேண்டும் என்று இயற்கையில் எந்த விதியும் இல்லை. மேலே செல்லும் காற்று உண்மையில் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிடுகிறது. இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது, காற்று இறக்கையை மேல்நோக்கித் தள்ளுகிறது என்று புரிந்துகொண்டால் இங்கே போதும். இந்தத் தூக்குவிசை காற்றின் அடர்த்தி, வேகத்தின் இருமடி, இறக்கையின் பரப்பு, ஒரு குணகம் ஆகியவற்றைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் தூக்குவிசை நான்கு மடங்காகும். முதல் மூன்றையும் அளந்துவிடலாம். சூட்சுமம் முழுவதும் நான்காவதில், அந்தக் குணகத்தில் இருக்கிறது.

காற்று எதிர்ப்படும் திசைக்கும் இறக்கைக்கும் இடையிலுள்ள கோணத்தைத் தாக்குகோணம் என்பார்கள். அது கூடக் கூடக் குணகமும் ஏறக்குறைய நேர்கோட்டில் கூடிக்கொண்டே போகும். சிறு விமானங்களில் சுமார் 15 பாகையைத் தாண்டும்போது காற்று இறக்கையின் மேற்பரப்பை ஒட்டிச் செல்ல முடியாமல் பிய்த்துக்கொண்டு போய்விடும். அதுதான் ஸ்டால். இன்ஜின் நின்றுபோவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. என் மாணவர் செய்த தவறும் இங்கேதான் விளங்கும். கைப்பிடியை வலப்பக்கம் திருப்பினால் இடப்பக்க இறக்கையின் நுனியில் உள்ள எய்லரான் என்னும் பலகை கீழ்நோக்கி இறங்கும். சாதாரண வேளையில் அது அந்த இறக்கையை உயர்த்தும். ஆனால் ஏற்கனவே எல்லைக்கோணத்தைத் தாண்டிவிட்ட இறக்கையில் பலகை இறங்கினால் அப்பகுதியின் தாக்குகோணம் இன்னும் கூடும், ஸ்டால் இன்னும் ஆழமாகும். ஓர் இறக்கை மற்றதைவிட ஆழமாக ஸ்டாலில் கிடந்தால் விமானம் சுழன்றுகொண்டே இறங்கும் 'ஸ்பின்' நிலைக்குப் போகலாம். மூக்கைத் தாழ்த்தித் தாக்குகோணத்தைக் குறைப்பதுதான் முதல் மருந்து.

இறக்கைக் குணகத்தின் வரலாறே ஏமாற்றங்களின் வரலாறுதான். ஜெர்மனியின் ஓட்டோ லிலியென்தால் இறக்கைகளை அளந்து அட்டவணை தயாரித்தவர். தாமே செய்த கிளைடர்களில் பலநூறு முறை பறந்தவர். 1896 ஆகஸ்ட் மாதம் அவரது கிளைடர் நடுவானில் ஸ்டாலாகி விழுந்து, மறுநாள் அவர் இறந்தார். 1901இல் ரைட் சகோதரர்கள் செய்த கிளைடர், அன்றிருந்த கணக்குகள் சொன்ன தூக்குவிசையில் சுமார் மூன்றில் ஒரு பங்கைத்தான் தந்தது. அவர்கள் அட்டவணையைச் சந்தேகித்தார்கள். தங்கள் சைக்கிள் கடையில் ஒரு மரப்பெட்டியில் காற்றுச் சுரங்கம் செய்து, ஏறத்தாழ இருநூறு இறக்கை வடிவங்களைச் சோதித்தார்கள். முக்கியமான பிழை லிலியென்தாலிடம் இருக்கவில்லை. ஜான் ஸ்மீட்டன் என்ற ஆங்கிலப் பொறியாளரின் பெயரால் பதினெட்டாம் நூற்றாண்டு முதல் பலரும் பயன்படுத்திவந்த காற்றழுத்தக் குணகம் பிழையாக இருந்தது. 0.005 என்று நம்பப்பட்டது உண்மையில் 0.0033 அளவுதான். அச்சில் வந்த எண் நூறாண்டுக்கு மேல் புழக்கத்தில் நிலைத்துவிட்டது. பாடபேதம் பார்க்காமல் பதிப்புகளை நம்பும் நம் தமிழாய்வாளர்களுக்கு இந்தக் கதை புதிதாக இராது.

இப்போது கணினிக்கு வருவோம். சிமுலேட்டர் செய்வோரிடம் இரண்டு மரபுகள் உள்ளன. முதலாவது அட்டவணை மரபு. காற்றுச் சுரங்கத்திலும் சோதனைப் பறப்புகளிலும் அளந்த எண்களை வரிசைப்படுத்தி வைத்துக்கொள்வது. இந்தத் தாக்குகோணம், இந்த வேகம் என்றால் இந்தத் தூக்குவிசை என்று எடுத்துக் கொடுப்பது. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரின் முதல் பதிப்பு 1982இல் வந்தது. அதன் பழைய பதிப்புகள் பலவும் இந்த வழியில் சென்றவை. விமான நிறுவனங்கள் பயன்படுத்தும் பல கோடி ரூபாய் சிமுலேட்டர்களும் அடிப்படையில் அட்டவணையை நம்புபவைதான், அவற்றின் அட்டவணை மிகப் பெரியது என்பதைத் தவிர. அளந்த இடங்களில் இம்முறையை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் எளிய வடிவத்தில் இது விமானம் முழுவதையும் ஒரே பொருளாகப் பார்க்கிறது. இடப்பக்க இறக்கை ஸ்டாலாகி வலப்பக்க இறக்கை ஆகாமல் இருக்கும் நிலை அதற்குத் தனியாகச் சொல்லிக்கொடுத்தால் ஒழியத் தெரியாது.

இரண்டாவது, வடிவத்திலிருந்து கணக்கிடும் மரபு. 1995இல் ஆஸ்டின் மேயர் வெளியிட்ட எக்ஸ்-பிளேன் இதைப் புகழ்பெறச் செய்தது. இறக்கையை நீளவாக்கில் பல துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின்மீதும் காற்று எந்த வேகத்தில் எந்தக் கோணத்தில் மோதுகிறது என்று தனித்தனியே கணக்கிட்டு, விசைகளைக் கூட்டி, விமானம் அடுத்த கணம் எங்கே இருக்கும் என்று முடிவு செய்வார்கள். முதலில் உந்துவிசிறிகளுக்காக உருவான பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கோட்பாடு இது. இங்கே இரண்டு இறக்கைகளும் தனித்தனி வாழ்க்கை வாழ்கின்றன. விமானம் புரளும்போது இறங்கும் இறக்கையின் தாக்குகோணம் கூடுகிறது, ஏறும் இறக்கையின் கோணம் குறைகிறது. ஸ்பின்னின் வித்து கணக்கிலேயே இருக்கிறது. ஃப்ளைட்கியர் என்ற கட்டற்ற மென்பொருளிலோ இரண்டு மரபுகளும் ஒரே கூரையின் கீழ் வாழ்கின்றன: ஜேஎஸ்பிசிம் குணகங்களை நம்புகிறது, யாசிம் வடிவத்தை நம்புகிறது.

வடிவத்தை நம்புவோர் தாங்கள் அட்டவணையை ஒழித்துவிட்டதாகச் சற்றுப் பெருமையோடு சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒவ்வொரு துண்டின் தூக்குவிசையையும் கணக்கிட அந்தத் துண்டின் குறுக்குவெட்டு வடிவத்துக்கு ஒரு குணகம் வேண்டும். அது மீண்டும் ஓர் அட்டவணையிலிருந்துதான் வருகிறது. பெரிய அட்டவணையைச் சிறிய அட்டவணைகளாக உடைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மேலும், துண்டுகள் ஒன்றுக்கொன்று அந்நியமானவை அல்ல. இறக்கையின் நுனியில் கீழ்க்காற்று மேலேறிச் சுழல்கிறது. அச்சுழல் இறக்கை முழுவதன்மீதும் காற்றைச் சற்றுக் கீழே அழுத்துகிறது. அதனால் எல்லாத் துண்டுகளின் தாக்குகோணமும் மாறுகிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் லுட்விக் பிராண்டில் இதற்கு அழகான கணிதம் அமைத்தார். துண்டுமுறை இந்த உறவைத் தானாக அறியாது. திருத்தங்களாகச் சேர்க்க வேண்டும். ஸ்டாலுக்குப் பிறகு காற்று கொந்தளிக்கும்போது அந்தத் திருத்தங்களும் கைவிட்டுவிடும். ஓர் ஊரின் கதையை வீடு வீடாக எழுதிக் கூட்டினால் ஊர் வந்துவிடாது என்பதுபோலத்தான்.

அப்படியானால் காற்றையே முழுதாகக் கணக்கிடலாமே? பாய்மங்களின் ஓட்டத்தை விவரிக்கும் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதியிலேயே எழுதப்பட்டுவிட்டன. முப்பரிமாணத்தில் அவற்றுக்கு எப்போதும் ஒழுங்கான தீர்வு உண்டா என்பதை நிறுவுபவருக்குப் பத்து இலட்சம் டாலர் பரிசு என்று கிளே கணித நிறுவனம் 2000ஆம் ஆண்டில் அறிவித்தது. பரிசு இன்னும் யாருக்கும் தரப்படவில்லை. ஒரு முழு விமானத்தைச் சுற்றியுள்ள ஓட்டத்தை நுணுக்கமாகக் கணக்கிடப் பெருங்கணினிகளுக்கே மணிக்கணக்கில் நேரம் வேண்டும். சிமுலேட்டருக்கோ திரையை வினாடிக்கு 60 முறை புதுப்பிக்க வேண்டிய அவசரம். ஒரு படத்துக்குச் சுமார் 16 மில்லிவினாடிதான் கிடைக்கும். 2020இல் வந்த மைக்ரோசாஃப்டின் புதிய பதிப்பு விமானத்தின் மேற்பரப்பில் ஆயிரம் இடங்களில் விசையைக் கணக்கிடுவதாக அறிவித்தார்கள். பாராட்டத்தக்க முன்னேற்றம். ஆனால் புள்ளிகளின் எண்ணிக்கை கூடினால் உண்மை கூடிவிடும் என்பதில்லை. அந்தப் புள்ளிகளில் போடப்படும் கணக்கு எங்கே சோதிக்கப்பட்டது என்பதுதான் கேள்வி.

இணையத்தில் ஆர்வலர்கள் இந்த மென்பொருள் மெய்யானதா, அந்த மென்பொருள் மெய்யானதா என்று ஆண்டுக்கணக்கில் சண்டையிடுகிறார்கள். எனக்கு அந்தச் சண்டை பொருளற்றதாகப் படுகிறது. சமமாகப் பறக்கும்போதும், ஏறும்போதும், இறங்கும்போதும், தரையை நெருங்கும் வேளையில் விமானம் ஒரு மெத்தைமேல் மிதப்பதுபோல நீளும்போதும் நல்ல மென்பொருள்கள் எல்லாமே ஏறத்தாழ உண்மையாக நடந்துகொள்கின்றன. சிக்கல் எல்லையில் இருக்கிறது. அட்டவணை முடிந்த இடத்தில் அட்டவணை மரபு கடைசி எண்ணையே நீட்டிக்கொண்டு போகும்; வடிவ மரபு தன் சூத்திரத்தைப் பொருந்தாத இடத்திலும் போட்டுக்கொண்டே இருக்கும். இரண்டுமே ஓட்டுபவரிடம் ஒரு வார்த்தை சொல்வதில்லை. திரையில் மேகம் அதே அழகோடு நகர்கிறது. அறிந்ததையும் ஊகித்ததையும் ஒரே குரலில் சொல்வதைத்தான் நான் குற்றம் என்கிறேன்.

இது விளையாட்டுப் பிள்ளைகளின் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கில் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ300 விமானம் விழுந்து 265 பேர் இறந்தார்கள். முன்னால் சென்ற போயிங் 747 விட்டுச்சென்ற காற்றுச்சுழலில் அது சிக்கியபோது, துணை விமானி சுக்கானை இடமும் வலமுமாக மாறி மாறி மிதித்தார். செங்குத்து வால் முறிந்து பிரிந்தது. தேவைக்கு மீறிய அந்த மிதிப்புதான் காரணம் என்றும், சுக்கான் அமைப்பின் இயல்பும் நிறுவனத்தின் பயிற்சித் திட்டமும் துணைக்காரணங்கள் என்றும் விசாரணை முடிவு சொன்னது. அந்தப் பயிற்சியின் சிமுலேட்டர்ப் பாடத்தில், சுழலில் சிக்கிய விமானம் பெரும் கோணத்துக்குப் புரளும்வரை விமானியின் கட்டுப்பாடுகளுக்கு அடங்காதபடி அமைத்திருந்தார்கள். பாடம் விறுவிறுப்பாக இருக்க மிகைப்படுத்தினார்கள் என்று சொல்லலாம். நாடக வழக்கு உலகியல் வழக்கின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டது.

2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் விமானம் ஸ்டாலாகி விழுந்து 50 பேரும், அதே ஆண்டு ஜூன் 1 அன்று ஏர் பிரான்ஸ் 447 அட்லாண்டிக் கடலில் விழுந்து 228 பேரும் இறந்தார்கள். இரண்டாவது விபத்தில், சுமார் 38,000 அடி உயரத்திலிருந்து கடல்வரை விமானம் ஸ்டால் நிலையிலேயே விழுந்தது. தாக்குகோணம் 35 பாகையைத் தாண்டியிருந்தது. அளக்கப்பட்ட வேகம் 60 நாட்டுக்குக் கீழே போனபோது கோண அளவைக் கணினி செல்லாததாகக் கருதியது. அதனால் ஸ்டால் எச்சரிக்கை ஒலி நின்றுபோனது. மூக்கைத் தாழ்த்தி வேகம் கூடினால் ஒலி திரும்பவும் கேட்கும். சரியானதைச் செய்தால் எச்சரிக்கை, தவறானதைச் செய்தால் மௌனம். அன்றைய பயிற்சிகள் பெரும்பாலும் ஸ்டாலின் முதல் எச்சரிக்கையோடு நின்றுவிட்டன. அதற்கு அப்பால் என்ன நடக்கும் என்று சிமுலேட்டர்களுக்கும் சரியாகத் தெரியாது.

இதன் பிறகுதான் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் 2013இல் முழு ஸ்டால் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. 2016இல் சிமுலேட்டர்களுக்கான விதிகளும் மாறின. அந்த விதிகளில் என்னைக் கவர்ந்த செய்தி ஒன்று உண்டு. ஸ்டாலுக்குப் பிந்தைய நடத்தை ஒவ்வொரு முறையும் சற்று வேறுபடும், அதை எண்ணுக்கு எண் ஒப்பிட முடியாது என்பதை ஒப்புக்கொண்டு, ஸ்டாலை நேரில் அறிந்த விமானிகளின் மதிப்பீட்டை அவை கோருகின்றன. கூடவே, சோதித்தறிந்த எல்லைக்கு உள்ளே விமானம் இருக்கிறதா, வெளியே போய்விட்டதா என்று பயிற்றுநரின் திரையில் வரைபடமாகக் காட்ட வேண்டும் என்கின்றன. இயந்திரம் தன் அறியாமையை ஒப்புக்கொள்ளச் சட்டம் போட்டிருக்கிறார்கள்!

வீட்டு மென்பொருள்களிலும் இதுதான் வேண்டும் என்பது என் கருத்து. திரையின் மூலையில் ஒரு சிறு விளக்கு போதும். அளந்தறிந்த பகுதியில் பச்சை. கணக்கு ஊகமாக மாறும் இடத்தில் மஞ்சள். வெறும் கற்பனை தொடங்கும் இடத்தில் சிவப்பு. செலவு பெரிதாக இராது. தங்கள் எண்கள் எதுவரை வருகின்றன என்பது செய்தவர்களுக்குத் தெரியும். சொல்லத்தான் தயக்கம், ஏனெனில் 'மெய்யானது' என்ற சொல்லை வைத்துத்தான் வியாபாரம் நடக்கிறது.

'இது விளையாட்டு, இதற்கு இவ்வளவா?' என்று கேட்பவர்கள் உண்டு. விளையாட்டாக மட்டும் இருப்பவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விமானியாக விரும்பும் பிள்ளைகள் இதில்தான் தொடங்குகிறார்கள். உண்மை விமானத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஆயிரக்கணக்கில் பணம் கட்ட வேண்டியிருக்கும்போது, வீட்டில் இலவசமாகக் கிடைக்கும் மணி நேரங்களில் கை பழகிவிடுகிறது. பழகிய கை ஆபத்து வேளையில் மூளையைக் கேட்பதில்லை.

சிமுலேட்டரே வேண்டாம் என்பதும் என் வாதமன்று. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் தம் குடும்பத்தின் ஆர்கன் தொழிற்சாலையில் பழகிய துருத்திகளைக் கொண்டு 1929 வாக்கில் ஒரு பயிற்சிப் பெட்டி செய்தார். முதலில் அதைப் பொம்மை என்றுதான் நினைத்தார்கள். கேளிக்கைப் பூங்காக்கள் வாங்கின. 1934இல் விமானத் தபால் கொண்டுசென்ற இராணுவ விமானிகள் மோசமான வானிலையில் அடுத்தடுத்து இறந்தபோது, இராணுவம் ஆறு பெட்டிகளை வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் இலட்சக்கணக்கான விமானிகள் அதில் பயின்றார்கள். இறக்கையின் காற்றியல் என்று பெரிதாக எதுவும் அதில் இல்லை. துருத்தி ஊதினால் சாயும் ஒரு மரப்பெட்டி. ஆனால் வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டக் கற்றுத்தருவேன் என்று அது சொன்னது, அதை மட்டும் கற்றுத்தந்தது. இன்றைய அழகிய மென்பொருள்கள் பலவற்றைவிட அந்தப் பெட்டி நேர்மையானது என்பேன்.

மாணவர் விடைபெறும்போது பழைய கேள்வியை நானே நினைவுபடுத்தினேன். எந்த வழக்கு என்று இப்போது சொல்ல முடியுமா என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "பதினைந்து டிகிரி வரைக்கும் உலகியல் வழக்கு ஐயா, அதுக்கு மேல நாடக வழக்கு" என்றார். தேர்வில் எழுதியிருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன். அடுத்த வாரம் மறுபடியும் ஸ்டால் பயிற்சி இருக்கிறதாம். வீட்டுக் கணினியை அதுவரை திறக்கப் போவதில்லை என்றும், எய்லரானைத் தொடாமல் மூக்கைத் தாழ்த்துவதை நாற்காலியில் உட்கார்ந்தபடி வெறுங்கையால் பழகிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார்.